கேள்வி – பதில்: விடுமுறைதான் மிச்சமா?

கேள்வி: ஆகஸ்ட் 15 இப்போது டி.வி.யில் புதுப்படம் பார்க்கிற ஒரு விடுமுறை நாள், அவ்வளவுதான். விடுதலைப் போராட்டம் நமக்கு விட்டுப்போனது வேறு என்ன?
– வாசகர், பெரம்பூர், சென்னை-11

பதில்: விடுமுறையை 'அவ்வளவுதான்' என்று தள்ளிவிடாதீர்கள். அதைக் கேட்டு வாங்கியதே ஒரு பெரிய சண்டை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் நூற்பு மில்லின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள், பின்னால் ஊரே நின்றது. வெள்ளைக்காரன் பக்கம் பேசியவருக்கு நாவிதர் சவரம் செய்ய மாட்டேன் என்றார். அப்படி ஓர் ஊரை வைத்துக்கொண்டு நிர்வாகம் என்ன செய்யும்? மார்ச் முதல் வாரத்திலேயே இறங்கி வந்தது. கூலி ஏறியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போனது. கோரல் மில்காரர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள், இந்த முறை தங்கள் கூலிக்காக அல்ல, தங்கள் தலைவருக்காக.

நம் மேடைப் பேச்சாளர்களோடு எனக்குள்ள பழைய சண்டை இதுதான். கப்பலைச் சொல்வார்கள், கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கும் செக்கைச் சொல்வார்கள், மில்லை மட்டும் விட்டுவிடுவார்கள். மில்லை விட்டால் வ.உ.சி. பாதி ஆள்தான்.

உங்கள் பெரம்பூருக்கே வருகிறேன். சிறையிலிருந்து வெளிவந்து சென்னையில் வறுமையோடு வாழ்ந்த காலத்தில் அவர் அங்கேயும் குடியிருந்தார். 1918 ஏப்ரலில் பி அண்டு சி மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும் உங்கள் வட்டாரத்தில்தான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் நம் கடற்கரையில் மே தினக் கூட்டம் போட்டார். இதெல்லாம் தேச விடுதலையிலிருந்து தனியாக நடந்த வேலை இல்லை. அதே ஆட்கள், அதே மேடை. அதன் பலன் இன்றும் தெரிகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழ, மே 1 அன்றே முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

சரி, ஆகஸ்ட் 15 உங்களுக்கு விடுமுறை. ரங்கநாதன் தெருவில் புடவையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டே நிற்கிற பெண்ணுக்கு? அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இன்னொரு சட்டமும் வந்தது. அடுத்த ஆகஸ்ட் 15-க்குப் படம் முடிந்ததும் அந்தப் பக்கம் போய் வாருங்கள். இரட்டைச் சம்பளம் உண்டா, ஸ்டூல் எங்கே என்று கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.