பதில்: நொபோரிபெட்சு என்ற பெயருக்கு அகராதியில் பொருள் புரியவில்லை

வணக்கம் நண்பரே. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ பயணத்துக்காக ஊர்ப்பெயர்களின் கான்ஜி எழுத்துகளை (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகள்) அகராதியில் பார்த்தால், நொபோரிபெட்சுவுக்கு “ஏறு”, “பிரி” என்று வருகிறது, ஒன்றும் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பொருந்தாது. அது ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழிப் பெயர். நுபுர் என்றால் கலங்கிய, பெட் என்றால் ஆறு. வெந்நீர் ஊற்று கலந்து வெளுத்து ஓடும் அந்த ஆற்றைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஜப்பானியர்கள் ஓசைக்காகத்தான் கான்ஜியை ஒட்டவைத்தார்கள். சொல் ‘ட்’ என்று முடிவது அவர்கள் வாய்க்கு வராது, அதனால் ‘பெட்சு’. நம் எழுத்தில் புள்ளி வைத்து ‘பெட்’ என்று அப்படியே எழுதிவிடலாம். தமிழ் எழுத்தைப் போலவே ஐனுவிலும் p, b ஒலிகளுக்கு வேறுபாடு கிடையாது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

‘நை’ என்று முடிந்தாலும் ஆறுதான். வக்கனை என்ற ஊர்ப்பெயர் = யம் வக்கா நய், அதாவது குளிர்ந்த நீர் ஓடும் ஆறு.

நொபோரிபெட்சு போகிறீர்கள் என்றால் வெந்நீர்க் குளியலோடு திரும்பிவிடாதீர்கள். சிரி யுகியே என்ற ஐனு பெண் 1903-இல் பிறந்த ஊர் அது. வாய்மொழியாக வந்த 13 ஐனு பாடல்களை எழுதி, ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் முடித்து, 1922-இல் 19 வயதில் இதயநோயால் இறந்தார். புத்தகம் மறுவருடம்தான் வந்தது. அவருக்கு அங்கே நினைவகம் இருக்கிறது. பக்கத்து ஊர் ஷிராஓயில் 2020-இல் திறந்த உபொபொய் என்ற தேசிய ஐனு அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.