கையில துப்பாக்கி இருந்தும் ஏன் சுடல? – கடிதமும் பதிலும்

அண்ணா,
லடாக் எல்லையில, கல்வான் பள்ளத்தாக்குல சீனா ராணுவத்தோட நடந்த கைகலப்புல நம்ம ஆளுங்க 20 பேர் செத்தப்ப நான் காலேஜ் முதல் வருஷம். அன்னைக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. துப்பாக்கிய வச்சிக்கிட்டே அடிபட்டுச் சாகணுமா? பொறுமைங்கிறது கோழைத்தனத்துக்கு வச்ச பேர்தானே?
– ஒரு வாசகர், தேனி

தம்பி,
2020 ஜூன் 16 ராத்திரி நானும் டிவி முன்னாடி உக்காந்து கத்திக்கிட்டுதான் இருந்தேன். மத்தியானம் மூணு பேருன்னாங்க, அதுல ஒருத்தர் நம்ம ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் பழனி, ராத்திரிக்குள்ள 20 ஆயிடுச்சு. பக்கத்துல எங்க மாமா, மிலிட்டரில ரிட்டயர் ஆனவரு, லடாக்ல ரெண்டு வருஷம் கெடந்தவரு, ரிமோட்ட வாங்கி சவுண்ட கொறச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "கல்வான் ஆத்துல விழுந்தவன எத்தன மணிக்குத் தூக்குனாங்களாம்?" நனைஞ்ச யூனிபார்மோட அந்தக் குளிர்ல கெடந்தா அடிபட்டவன் விடியிற வரைக்கும் தாங்க மாட்டான்னு அவருக்குத் தெரியும். ஆர்மி அறிக்கையிலயும் காயத்தோட உறைபனில கெடந்த 17 பேர்னுதான் இருந்துச்சு.

துப்பாக்கி விஷயம், அது இந்தியாவும் சீனாவும் 1996ல போட்ட ஒப்பந்தம், எல்லைக் கோட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. 1975ல அருணாச்சல் பக்கம் துலுங் லா கணவாயில அசாம் ரைபிள்ஸ்காரங்க நாலு பேர் செத்ததுக்கப்புறம் 45 வருஷமா அந்த எல்லையில மோதல்ல ஒரு உயிர் போகல, அத நம்பித்தான் நின்னாங்க. அந்த விதி சரியான்னு எனக்கும் டவுட் இருக்கு, அப்புறம் அதத் தளர்த்துனதாவும் செய்தி வந்துச்சு. ஆனா கல்வான்ல செத்த நம்ம படைத் தலைவர் கர்னல் சந்தோஷ் பாபு விழுந்தத நேர்ல பாத்தவனுக்கு நம்மள விடக் கோவம் கம்மியாவா இருந்திருக்கும்? கோழைங்கிற வார்த்தைய மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க.

நம்ம கோவம் என்ன பண்ணுச்சு, சூரத்துல சீனா டிவிய மாடிலேர்ந்து கீழ போட்டாங்க, நான் சீனா போன்லயே சீனாவ ஒழிப்போம்னு போஸ்ட் போட்டேன் (லைக் நல்லா வந்துச்சு, வெக்கமா இருக்கு).

அங்க இருந்தவங்க ரெண்டு மாசத்துக்கு மேல சும்மா இருந்த மாதிரி இருந்துட்டு, ஆகஸ்ட் 29 ராத்திரி லடாக்ல பாங்காங் ஏரிக்குத் தெக்க ரெசாங் லா, ரெச்சின் லா கணவாய்ங்க பக்கத்து உச்சியெல்லாம் ஏறி உக்காந்துட்டாங்க. கீழ சீனாக்காரன் முகாம் அப்பிடியே தெரியுது. 2021 பிப்ரவரில பாங்காங்குல ரெண்டு பக்கமும் பின்வாங்குனதுக்கு அந்த உச்சிங்க பெரிய காரணம்.

அந்த நியூஸ் வந்த பேப்பர மாமா ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் என் போன்ல மேப்ப தெறக்கச் சொல்லி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, எந்த மேடு எங்க இருக்குன்னு ரொம்ப நேரம் வெரல வச்சித் தேடிக்கிட்டிருந்தாரு.