தலைக்கு இவ்வளவு என்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் திருச்சியில் கூட்டுக் குடும்பம், மொத்தம் 14 பேர். மாமனாருக்கு 71 வயது, மாமியாருக்கு 66. மூன்று தம்பதிகள். பிள்ளைகள் 15, 12, 9, 8, 4, ஒன்றரை வயதில் ஆறு பேர். கோடை விடுமுறையில் தீம் பார்க் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். தெரிந்த டூர் ஏற்பாட்டாளர் ஒருவர் பெங்களூரு வொண்டர்லாவுக்கு வேன், இரண்டு இரவு ஓட்டல், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 6,500 ரூபாய் கேட்கிறார். இது நியாயமான விலையா? பெரியவர்களை வீட்டில் விட்டுப் போகவும் மனமில்லை. செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘தலைக்கு’ என்ற சொல்தான். 14 தலை, 91,000 ரூபாய். அந்தப் பதினான்கில் ஒன்று ஒன்றரை வயதுக் குழந்தையின் தலை. அதற்கும் 6,500 ரூபாயா என்று அவரிடம் கேட்டீர்களா?

ரயிலில் கட்டணம் வயதைப் பார்த்து. வொண்டர்லாவில் உயரத்தைப் பார்த்து. லாட்ஜில் அறைக்கு, வேனில் கிலோமீட்டருக்கு. உங்கள் பயணத்தில் தலையை எண்ணிக் காசு வாங்குகிறவர் ஏற்பாட்டாளர் ஒருவர்தான். அவருடைய லாபம் முழுக்க அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. உங்கள் நான்கு வயதுக் குழந்தைக்கு ரயிலில் டிக்கெட்டே வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ரயிலிலும் வேண்டாம், பார்க்கிலும் வேண்டாம். ஓட்டலில் இரண்டும் அம்மாக்களோடு படுத்துக்கொள்ளும். இந்த இரண்டு குழந்தைகள் பேரில் மட்டும் 13,000 ரூபாய் போகிறது.

அப்புறம், ஏன் பெங்களூரு? 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்துவிட்டது. திருச்சிக்காரர்களுக்கு அது ஒரு ராத்திரி ரயில் தூரம். மாநில எல்லை தாண்டும் வரி இல்லை, இரண்டு இரவு ஓட்டல் இல்லை. இதை உங்கள் ஏற்பாட்டாளர் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அங்கே அவருக்கு விற்க எதுவும் இல்லை என்பதாக இருக்கலாம். என் யோசனை இதுதான்: இரவு ரயிலில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குங்கள். பகலெல்லாம் பார்க். அன்று இரவே ரயில் ஏறித் திரும்புங்கள். எழும்பூர் வரை போகவே வேண்டாம். போனால் அதே தூரம் திரும்பி வர வேண்டும்.

முதலில் ரயில். நான் முப்பது வருடம் முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். (2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள்.) ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இன்றே இணைத்துவிடுங்கள். இணைக்காத கணக்கை வைத்துக்கொண்டு முன்பதிவு திறக்கும் நாளன்று உட்கார்ந்தால் வேடிக்கைதான் பார்க்க முடியும். நான்கு வயதுக் குழந்தையையும் மடிக்குழந்தையையும் கழித்தால் உங்களுக்கு 12 பெர்த் வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக்காரர்களுக்குப் பெர்த் இல்லாமல் அரைக் கட்டணத்தில் எடுக்கலாம். ஆனால் ராத்திரிப் பயணத்தில் அந்த வளர்த்தியுள்ள பிள்ளையை யார் மடியில் போட்டுக்கொள்வது? முழுக் கட்டணம் கொடுத்துப் பெர்த் வாங்குங்கள்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்வரை போடலாம். 12 பேர் என்றதும் எல்லோரும் ஆறு ஆறாக இரண்டு டிக்கெட் போடுவார்கள். நீங்கள் அப்படிப் போடக் கூடாது. மாமனார், மாமியார் இருவருக்கும் மட்டும் தனியாக ஒரு டிக்கெட் எடுங்கள். மூத்த குடிமக்களுக்கென்று கீழ் பெர்த் ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம். மூன்றாவது பெயர் ஏறினால் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். பாசத்தில் பேரனையும் சேர்த்துப் போட்டுவிட்டு, கடைசியில் தாத்தாவுக்கு மேல் பெர்த் விழுந்துவிட்டது என்று கவுன்ட்டரில் வந்து அழுதவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்? கணினிக்குத் தாத்தாவின் முழங்கால் தெரியாது. டிக்கெட் போடும்போது ‘பொது’ என்று இருக்கும் கட்டத்தைக் கீழ் பெர்த், மூத்த குடிமக்கள் என்று மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் வெறுமனே வயதைப் போட்டுவிட்டு, அவர்களே பார்த்துக் கொடுப்பார்கள் என்று இருக்காதீர்கள். கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். மீதிப் பத்துப் பேரை ஆறும் நாலுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம். பெரியவர்கள் எஸ் 2-இல், நீங்கள் எஸ் 7-இல் என்று விழலாம். பெட்டிகளுக்கு நடுவே வழி உண்டு, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். செங்கல்பட்டு வருவதற்கு அரை மணி முன்பே உங்கள் வீட்டு ஆண் ஒருவர் அவர்கள் பெட்டிக்குப் போய்விட வேண்டும். வண்டி அதிக நேரம் நிற்காது. (மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். இதுவரை திருப்பித் தரவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.)

திரும்பும் டிக்கெட்டில் படித்தவர்களே மாட்டிக்கொள்ளும் கண்ணி ஒன்று உண்டு. எழும்பூரில் இரவு தாமதமாகக் கிளம்பும் வண்டி செங்கல்பட்டுக்கு 12 மணி தாண்டி வந்தால் அங்கே தேதி மாறியிருக்கும். 5-ஆம் தேதி இரவு ஊருக்குத் திரும்புகிறோம் என்று நினைத்துச் செங்கல்பட்டிலிருந்து 5-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டால், உங்கள் வண்டி முந்தைய நாள் இரவே போயிருக்கும். கால அட்டவணையில் செங்கல்பட்டு நேரத்தைப் பார்த்து, நள்ளிரவுக்குப் பிறகு என்றால் மறுநாள் தேதியைப் போடுங்கள்.

நாள் தவறிவிட்டது, தட்கலில் ஏஜெண்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2025 ஜூலையிலிருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகளே முதல் அரை மணி நேரம் அதில் கைவைக்க முடியாது. அப்படியிருக்க, ‘கன்ஃபார்ம் கேரண்டி’ என்று ஒருவர் சொன்னால், அவர் யார் யாரோ பெயரிலுள்ள கணக்குகளில் எடுக்கிறார் என்று அர்த்தம். ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் அது குற்றம். பிடிபட்டால் உங்கள் டிக்கெட்டும் போகும். இத்தனை சட்டம் இருந்தும் ஸ்டேஷன் வாசலிலேயே கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

செங்கல்பட்டில் விடியுமுன் இறங்குவீர்கள். பார்க் திறக்கப் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். நடுவில் இருக்கும் நேரத்துக்குத் திருப்போரூரில் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுங்கள். அங்கே கந்தசாமி கோவில் இருக்கிறது. பெரியவர்கள் குளித்துவிட்டு நிதானமாகத் தரிசனம் செய்யலாம். அறை பேசும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ‘24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?’ என்பது. பகல் 12 மணிக் கணக்கு என்றால் காலை 5 மணிக்கு உள்ளே போன நீங்கள் இரவு கிளம்பும்போது இரண்டு நாள் வாடகை கொடுப்பீர்கள். முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கோவிலில் கல்யாணங்கள் அதிகம், அறை கிடைப்பது கஷ்டம்.

செங்கல்பட்டிலிருந்து போக வர ஒரு டிராவலர் வேன் பேசிக்கொள்ளுங்கள். மஞ்சள் நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே இதைத்தான். நூறு இருநூறு குறைவு என்று அதில் ஏறாதீர்கள், 14 உயிர். (வெள்ளைப் போர்டு டவுன் பஸ் வேறு சங்கதி. அதில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.) வண்டி பேசும்போது டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், ‘ஷெட் டு ஷெட்’ (வண்டி தன் இடத்திலிருந்து கிளம்பித் திரும்பிப் போய்ச் சேரும்வரை) கிலோமீட்டர் என நாலையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ‘வண்டி எடுத்த இடத்திலிருந்து கணக்கு’ என்று கடைசியில் ஆரம்பிப்பார்கள். எனக்கே ஒருமுறை அப்படி 80 கிலோமீட்டர் கூடுதலாக எழுதினார்கள். வாசலில் நின்று அரை மணி சண்டை போட்டும் பாதிதான் குறைந்தது.

பார்க் டிக்கெட்டுக்கு வருவோம். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். 85 முதல் 140 வரை சிறுவர் கட்டணம். அதற்கு மேல் வயது என்னவானாலும் பெரியவர் கட்டணம்தான். இன்றே ஆறு பிள்ளைகளையும் சுவரோடு நிறுத்திச் செருப்பில்லாமல் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் 12 வயதுப் பிள்ளைதான் எல்லைக்கோட்டில் இருக்கும். ஒரு சென்டிமீட்டரைக் குறைத்துச் சொல்லி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கேட்டில் அளந்து வித்தியாசப் பணம் கேட்பார்கள், பிள்ளைக்கு அவமானம். 15 வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தால் ஹால்டிக்கெட் அசலை எடுத்து வையுங்கள். கோடையில் அதற்குச் சலுகை விடுவது வொண்டர்லாவின் வழக்கம். இந்த வருடம் உண்டா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் ‘பாதி விலைக் கூப்பன்’ எதையும் தொடாதீர்கள். பார்த்த விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது 18 சதவீதம். 2018 ஜனவரிக்கு முன் 28-ஆக இருந்தது. குடும்பத்தோடு ராட்டினம் சுற்றுவதற்கு இத்தனை வரி எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் போங்கள். விலையும் குறைவு, வரிசையும் குறைவு. கூட்டம் குறைந்த நாளில் வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் காசு கொடுத்து ‘ஃபாஸ்ட் டிராக்’ டிக்கெட் வாங்குவது வீண்.

உடை விஷயத்தில் பெண்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர்ப் பகுதியில் பருத்தித் துணி கூடாது. சுடிதார், நைட்டி, புடவை எதையும் விடமாட்டார்கள். நைலான், லைக்ரா, பாலியஸ்டர் மட்டுமே. முழுக்கை, முழுக்கால் வைத்ததே கிடைக்கிறது, கூச்சப்பட வேண்டியதில்லை. இது தெரியாமல் போனால் உள்ளே கடையில் வாங்க வேண்டிவரும். பத்துப் பேருக்கு வாங்கினால் பட்ஜெட் அங்கேயே படுத்துவிடும். உங்கள் ஊர் என்.எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் தேடி இப்போதே வாங்கி வையுங்கள். வெளிச் சாப்பாட்டுக்கும் அனுமதி கிடையாது, குழந்தை உணவுக்கு மட்டும் உண்டு. எனவே பத்து மணிக்குத் திருப்போரூரில் வயிறு நிறைய டிபன் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் மதியம் ஒருவேளைதான் அங்கே வாங்க வேண்டியிருக்கும்.

என் கணக்கு: பார்க் டிக்கெட் சுமார் 16,000. (சென்னை பார்க் திறந்தபோது பெரியவர் கட்டணம் 1,489 ரூபாய் என்று அறிவித்தார்கள். இப்போது நாளுக்கு நாள் மாறும்.) ரயில் போக வர ஸ்லீப்பரில் 6,000. வேன் 7,000, அறை 4,000, சாப்பாடு 11,000. மொத்தம் 44,000. கைச்செலவுக்கு ஐந்தாயிரம் சேர்த்தாலும் 50,000-ஐத் தொடாது.

இந்தக் கணக்கில் உங்கள் மாமனார், மாமியாரின் பார்க் டிக்கெட் இல்லை. சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் டிக்கெட் உண்டு. மூத்தவர்களுக்குச் சலுகை கொடுத்தாலும் பணம் பணம்தான். மே மாத வெயிலில், செங்கல்பட்டுப் பக்கத்தில், நிழல் தேடி ஆறேழு மணி நேரம் உட்கார்வது அந்த வயதுக்கு லேசான காரியமில்லை. கோவில், மதியம் அறையில் ஒரு தூக்கம், மாலையில் பிள்ளைகள் திரும்பி வந்து சொல்லும் கதை, இவ்வளவே போதும் என்று அவர்கள் சொல்லலாம். இல்லை, பேரன் தண்ணீரில் குதிப்பதை நேரில் பார்க்கணும் என்றால் இரண்டு டிக்கெட் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் அவர்களிடமே கேளுங்கள். ஆனால் அறையில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக ஒன்றரை வயதுக் குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அவர்களும் லீவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.