பதில்: லேப்ராஸ்கோபி ஃபெலோஷிப்பா, ரோபோ வரும்வரை காத்திருப்பதா?

வணக்கம் டாக்டர். எம்.எஸ். அறுவை சிகிச்சைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறீர்கள், 'இன்னும் பத்து வருடத்தில் ஏஐ ரோபோவே அறுவை செய்யும், லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) ஃபெலோஷிப் பயிற்சி வீண்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டாவின்சி என்ற அறுவை ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. இன்றும் அது தானாக வெட்டுவதில்லை. கன்சோலில், அதாவது அதன் கட்டுப்பாட்டு மேசையில், உட்கார்ந்து ஒரு மருத்துவர் ஓட்டத்தான் வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டார் என்ற ரோபோ பன்றிகளின் குடலைப் பெரும்பாலும் தானாகவே தைத்து இணைத்தது, 2022இல் வெளியான ஆய்வு. அருமையான வேலை. ஆனால் அது ஒரு தையல், முழு அறுவை அல்ல.

ஏஐ இப்போது பயன்படுவது வீடியோவில். பித்தப்பை அறுவையில் எங்கே பிரிக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று நிறமிட்டுக் காட்டும் மென்பொருள்களை உருவாக்குகிறார்கள். அது காட்டும் நிறத்தை நம்பலாமா என்று முடிவு செய்ய, அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் சொன்ன 'கிரிட்டிக்கல் வியூ' (வெட்டும் முன் பித்தப்பையின் நாளமும் ரத்தக்குழாயும் தெளிவாகப் பிரிந்து தெரியும் காட்சி) உங்கள் கண்ணுக்கே தெரிய வேண்டாமா?

எரிக் மூஹே 1985இல் ஜெர்மனியில் லேப்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1992இல் அவர்களே விருது கொடுத்தார்கள். ஆகவே புதியதைக் கேலி செய்யச் சொல்லவில்லை. பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கொஞ்சம் படியுங்கள், உங்கள் அறுவை வீடியோக்களை நோயாளியின் ஒப்புதலோடு சேமியுங்கள்.

அப்புறம், ஃபெலோஷிப் நேர்காணலில் ஒன்று கேளுங்கள்: எத்தனை கேஸ் நானே செய்வேன், எத்தனைக்குக் கேமரா மட்டும் பிடிப்பேன்? நான் முதல் ஆறு மாதம் கேமராதான் பிடித்தேன்.