பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் தண்டர்பேர்டில் ஜிமெயில் திறக்க மறுக்கிறதே, ஏன்?

பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது என்றால், தண்டர்பேர்டில் (கணினியில் மெயில் படிக்க உதவும் செயலி) அதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதில் பலனில்லை. 2022 மே 30 முதல், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே நுழையும் செயலிகளைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் ஏற்பதில்லை. பழைய யூடியூப் வீடியோக்களில் வரும் 'லெஸ் செக்யூர் ஆப்ஸ்' (இத்தகைய செயலிகளை அனுமதிக்கும்) பட்டனைத் தேடி அலையாதீர்கள், அது இப்போது கிடையாது.

சர்வர் செட்டிங்ஸில் அங்கீகார முறையை ஓஆத்2 (OAuth2, பாஸ்வேர்டைச் செயலியிடம் கொடுக்காமல் கூகுளின் பக்கத்திலேயே லாகின் செய்யும் முறை) என்று மாற்றுங்கள். கூகுளின் லாகின் ஜன்னல் தானாகத் திறக்கும், அனுமதி கொடுத்தால் முடிந்தது. ஜன்னல் வந்தும் சுற்றிக்கொண்டே இருந்தால், தண்டர்பேர்டில் குக்கீகளை, அதாவது இணையதளங்கள் சேமித்து வைக்கும் சிறு தகவல்களை, தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள் (மெயில் படிக்க குக்கீ எதற்கு என்று நானும் அணைத்து வைத்துவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்திருக்கிறேன்).

ஓஆத் தெரியாத பழைய செயலி என்றால், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (செயலிக்கென்றே கூகுள் தரும் தனி பாஸ்வேர்டு) ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் பின்னால் எப்போதாவது கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும், நேற்றுவரை வந்த மெயில் இன்று திடீரென நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அப்புறம், தண்டர்பேர்டு சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்கள். யூசர்நேமில் முழு மெயில் முகவரி இருக்க வேண்டும். போர்ட் எண்ணை (மெயிலைப் பெறும் இரண்டு முறைகளில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995) இதில் சந்தேகப்பட வேண்டாம். அது தப்பென்றால் இணைப்பே கிடைத்திருக்காது, பாஸ்வேர்டு கேட்கும் இடம்வரை போயிருக்க மாட்டீர்கள்.