லொரெட்டா லின் பாட வந்த வழி: கேள்வி பதில்

கே: கன்ட்ரி என்கிற அமெரிக்க கிராமிய இசையின் பாடகி லொரெட்டா லின் எந்த ஊர், சார்? வசதியான குடும்பமா?

ப: அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதி. புட்சர் ஹாலோ என்ற ஊர், நிலக்கரியை நம்பிப் பிழைத்த இடம். 1932இல் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தார். அப்பா டெட் வெப் சுரங்கத் தொழிலாளி. வசதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

கே: சின்ன வயதிலேயே மேடையேறிவிட்டாரா?

ப: இல்லை. 15 வயதில் கல்யாணம். கணவர் ஆலிவர் லின்னோடு நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய், 20 வயதில் நான்கு பிள்ளைகளுக்குத் தாய். கணவர் 17 டாலருக்கு வாங்கித் தந்த கிட்டாரைத் தானாகவே வாசித்துப் பழகினார்.

கே: கணவர் தங்கமானவர் போலிருக்கிறதே?

ப: அப்படிச் சொல்லிவிட முடியாது. அவருடைய குடியையும் மற்ற பெண்களோடு இருந்த சகவாசத்தையும் லொரெட்டாவே ஒளிக்காமல் பேசியிருக்கிறார். பாடு, பாடு என்று பிடித்துத் தள்ளியவரும் அதே மனிதர்தான். குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே என்று ஒரு மனைவி கறாராகச் சொல்லும் பாட்டுதான் 1967இல் கன்ட்ரி பட்டியலில் லொரெட்டாவுக்கு முதல் நம்பர் ஒன்.

கே: சிபாரிசே இல்லாமல் முதல் ரெகார்டு எப்படி எடுபட்டது, அண்ணா?

ப: எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது. கனடாக்காரர் நார்ம் பர்லி பணம் போட்டு, ஜீரோ ரெகார்ட்ஸ் என்ற குட்டி கம்பெனியில் 1960இல் பாட்டு வெளிவந்தது. லொரெட்டாவே எழுதிய பாட்டு. விளம்பரம் செய்ய ஆளில்லை. கணவனும் மனைவியும் ரெகார்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் தென்பட்ட ரேடியோ ஸ்டேஷன்களில் எல்லாம் இறங்கி, ஒரு தடவை போடுங்கள் என்று கேட்டார்கள். ராத்தூக்கம் காரிலேயே. அப்போது அங்கே இருக்கும் டி.ஜே.வுக்குப் பிடித்துவிட்டால் போதும், பாட்டு அன்றைக்கே காற்றில் ஏறிவிடும். அப்படியே பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. அதே வருடம் நாஷ்வில்லில், கன்ட்ரி இசைக்குப் பேர்போன ரேடியோ நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை. ஊர் ஊராக அலைந்த அந்தக் கால்களுக்குத்தான் முதல் மரியாதை என்பேன்.

கே: அவர் அப்பா இதையெல்லாம் பார்த்தாரா?

ப: பார்க்கவில்லை. 1959இலேயே போய்விட்டார். 1970இல் வந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ (சுரங்கத் தொழிலாளியின் மகள்) அந்த வீட்டைப் பற்றிய பாட்டு. சலவைப் பலகையில் துணி தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல்களில் ரத்தம் கசிவதுகூட அதில் வரும். ரொம்ப நீளம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். அவையும் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

கே: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

ப: இதே பாட்டில். அப்புறம் 2004இல் ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட் தயாரித்த ‘வான் லியர் ரோஸ்’ ஆல்பம். வான் லியர் அவர் அப்பா வேலை பார்த்த சுரங்கம்.