பழைய ஆலைக்குள் எல்லோரும் நுழைய: சரக்கு சென்ற வழியைத் தேடுங்கள்

கேள்வி: நூறாண்டு கடந்த நூற்பாலைக் கட்டடம் ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றி வருகிறோம். முகப்பில் ஏழு படிகள். தரையில் பழைய தள்ளுவண்டித் தண்டவாளம். மாடிக்குச் செல்ல இரும்புப் படிகள் மட்டுமே. கட்டடத்தின் தோற்றம் கெடாமல் மாற்றுத்திறனாளிகளும் வந்து பார்ப்பதற்கு எதில் தொடங்குவது?

பதில்: முகப்புப் படிகளில் தொடங்காதீர்கள். ஏழு படிகள் என்றால் உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் என்னும் வழக்கமான கணக்கில் சாய்தளம் மட்டுமே 14.4 மீட்டர் பிடிக்கும். மேலும் கீழும் நடுவிலும் தலா 1.5 மீட்டர் சமதளம் சேர்த்தால் 19 மீட்டர் ஆகிவிடும். தன் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுபவருக்கு அந்தச் சரிவே கடினம் என்பதால், இடம் இருந்தால் 1:20 சரிவையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு இன்னும் நீளம் வேண்டும். அவ்வளவு பெரிய கட்டுமானத்தை முகப்பின் மீது சாத்தினால், மரபுத் துறையினர் மறுப்பதில் வியப்பில்லை.

ஆலை என்பது சுமை உருண்டு செல்வதற்காகவே கட்டப்பட்ட இடம். பஞ்சுப் பொதி உள்ளே வந்த வழியையும், நூல் கட்டுகள் வெளியேறிய வழியையும் பழைய வரைபடத்தில் தேடிப் பாருங்கள். சக்கர வண்டி சென்ற இடத்தில் பெரும்பாலும் படி இருக்காது, கதவும் அகலமாகவே இருக்கும். அப்படி ஒரு வாசல் கிடைத்தால், அதை மாற்றுத்திறனாளிகளுக்கான பின்வாசலாக ஒதுக்கிவிடாமல், நுழைவுச்சீட்டு அறையையும் அங்கேயே மாற்றி, அனைவருக்குமான தலைவாசலாக்குங்கள். லண்டனில் மின் நிலையமாக இருந்து 2000ஆம் ஆண்டு கலைக்கூடமாகத் திறக்கப்பட்ட டேட் மாடர்னில், மேற்கு வாசல் வழியே வருவோர் அனைவரும் ஒரே அகன்ற சரிவில்தான் டர்பைன் கூடத்துக்குள் இறங்குகிறார்கள். தனி வழி என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

மாடிக்கான மின்தூக்கிதான் மிகுந்த கவனம் கோருவது. பழைய ஆலைகள் பலவற்றில் வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும், அவற்றுக்கிடையே செங்கல் வளைவுகளுமாகத் தளம் அமைந்திருக்கும். ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டு நிற்பதால், ஒன்றை வெட்டினால் அடுத்ததன் பிடிமானமும் போய்விடும். வார்ப்பிரும்போ இழுவிசையைத் தாங்காமல் எச்சரிக்கையின்றி முறியக்கூடியது. அதில் துளையிடுவதையும் பற்றவைப்பதையும் பொறியாளரின் கணக்கின்றி அனுமதிக்காதீர்கள். எனவே தளத்தை வெட்டுமுன், ஏற்கெனவே உள்ள திறப்புகளைத் தேடுங்கள். பொதிகளை மேலேற்றிய பழைய தூக்கிக்கூண்டு இருக்கலாம். நீராவி இயந்திரத்திலிருந்து கயிறுகள் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் விசை கொண்டுசென்ற உயரமான கயிற்றறை இருக்கலாம். அடிமுதல் முடிவரை திறந்திருக்கும் கயிற்றறையைப் போல மின்தூக்கிக்குப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆனால் கயிற்றுச் சக்கரமோ அச்சோ எஞ்சியிருந்தால் அதைக் கழற்றாதீர்கள். அப்போது கட்டடத்துக்கு வெளியே தனிக் கோபுரமாக எழுப்புவதே மேல்.

தண்டவாளத்தை நீங்கள் பெயர்க்க வேண்டியதில்லை. அதன் பக்கவாட்டுப் பள்ளத்தில் சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் இறங்கினால் நாற்காலி சட்டென நின்று, அமர்ந்திருப்பவர் முன்னால் வீசப்படுவார். வண்டி இனி ஓடப்போவதில்லை என்பதால், எடுத்துவிடக்கூடிய ரப்பர் பட்டைகளால் பள்ளத்தைத் தண்டவாள மட்டத்துக்கு நிரப்பிவிடலாம். இரும்புக் கம்பிவலைத் தளம் இருந்தால் அதன் துளைகள் 13 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிடப் பெரிதானால் ஊன்றுகோலின் நுனி சிக்கிக்கொள்ளும். வழிகாட்டி நாயின் பாதமும் புண்படும். பழைய வலையை எடுக்காமல் அதன் மேல் சமமான தகடு பதித்தால் போதும்.

செவித்திறன் குறைந்தோரின் செவிக்கருவிக்குக் காந்தப்புலம் வழியே ஒலியை அனுப்பும் காந்தச் சுற்று வசதி, இரும்பு நிறைந்த கட்டடத்தில் வலுவிழந்துவிடும். அங்கு அகச்சிவப்பு அல்லது வானொலி அலைக் கருவிகளை முதலில் சோதித்துப் பாருங்கள். பார்வையற்றோருக்கு ஓர் இயந்திரத்தையாவது தொட்டுப் பார்க்கத் திறந்து வையுங்கள். குளிர்ந்த வார்ப்பிரும்பையும், பல்லாண்டுகள் கைகள் பட்டு வழுவழுப்பான நெம்புகோலையும் எந்த ஒலி விளக்கமும் ஈடு செய்யாது.

மரபுத் துறையினரிடம் பேசும்போது இரண்டு ஆவணங்கள் உதவும். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, முக்கியமான நினைவுச் சின்னங்களை அவர்கள் இயன்றவரை அணுக வகைசெய்யக் கோருகிறது. மரபிடங்களைப் பாதுகாக்கும் நெறிகளாக ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவான புர்ரா சாசனமோ, மரபு மதிப்பைக் குறைக்கும் மாற்றங்கள் பிற்காலத்தில் நீக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. நான் மேலே சொன்ன ரப்பர் பட்டை, தகடு போன்றவை இரண்டுக்கும் பொருந்துபவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மரத்தளமுள்ள ஆலைகளில் பல்லாண்டு இயந்திர எண்ணெய் பலகையில் ஊறியிருக்கும். தீப்பிடித்தால் மிக விரைவாகப் பரவும். தீவிபத்தின்போது சாதாரண மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. மாடிக்கு ஒருவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்லுமுன், அவர் காத்திருக்கத் தீத்தடுப்புள்ள இடமும், படிவழியே இறக்கும் நாற்காலியும், அதை இயக்கப் பயின்ற ஊழியர்களும் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு முடியும் வரை, மின்தூக்கி தயாராகிவிட்டாலும் மாடியைத் திறக்காதீர்கள்.